இன்பாக்ஸ் பாதி காலி: மெயில்கள் போய்விட்டனவா, தண்டர்பேர்டை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் தமிழக-கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் கொப்பரை மண்டி வைத்திருப்பவர். அலுவலகத்தில் விண்டோஸ் கணினி ஒன்று, அதில் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருள், பாப் முறையில் (சர்வரிலிருந்து மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) மெயில் இழுக்கும் ஒரே கணக்கு, இன்பாக்ஸ் மட்டும் 6 ஜிபிக்கு மேல். மழையில் கரண்ட் போய் வந்த பிறகு இன்பாக்ஸில் பாதிக்குமேல் காணவில்லை. மிச்சம் இருப்பதில் சிலவற்றைத் திறந்தால் வேறொரு மெயிலின் உள்ளடக்கம் வருகிறது. "கொப்பரை" என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் மெயில்கூட அகப்படுவதில்லை. சில தமிழ்த் தலைப்புகளின் நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நிற்கிறது. அவர் பல வருடமாகத் தண்டர்பேர்ட் வழியே படித்துவரும் செய்திக்குழுவில் (இணையத்தின் பழைய வகைக் கலந்துரையாடல் குழு) புதிய பதிவே வருவதில்லை. "இலவச மென்பொருள் என்றால் இப்படித்தானா, காசு கொடுத்து வேறு வாங்கிவிடலாமா?" என்று முடித்திருக்கிறார். ஐந்து பிழைகளைப் பட்டியல் போட்டிருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது இரண்டுதான்: என் மெயில் போய்விட்டதா? இனிமேல் இதை நம்பலாமா?

முதல் கேள்விக்கு: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் மெயில்கள் பெரும்பாலும் வட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அடுத்து நீங்கள் அழுத்தும் பொத்தான் அவற்றை உண்மையிலேயே அழித்துவிடக்கூடும். அதனால் மேற்கொண்டு படிக்கும் முன் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். "காம்பாக்ட்" என்ற சொல் எங்கே தென்பட்டாலும் தொடாதீர்கள். "ரிப்பேர் ஃபோல்டர்" பொத்தானும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் நகல்.

நகல் எடுக்கும் வழி இது. ஃபோல்டர் எங்கே என்று பார்க்க மட்டும் ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும். தண்டர்பேர்டில் உதவி மெனுவுக்குள் "டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" என்று இருக்கும். அதைத் திறந்தால் "புரொஃபைல் ஃபோல்டர்" என்ற வரிக்கு எதிரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உங்கள் மெயில், முகவரிப் புத்தகம், கடவுச்சொற்கள் எல்லாம் அடங்கிய ஃபோல்டர் திறக்கும். அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுங்கள். கையில் கிடைத்த பென்டிரைவைச் செருகிவிடாதீர்கள். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது. உங்கள் இன்பாக்ஸ் 6 ஜிபி. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள வட்டு வேண்டும். நகலெடுத்து முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்பின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இனிச் சொல்லும் எல்லாமே இந்த நகல் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்.

மண்டிக்காரருக்குச் சிட்டையும் பேரேடும் தெரியும் என்பதால் அதையே உவமையாக எடுத்துக்கொள்கிறேன். பாப் கணக்கில் தண்டர்பேர்ட் வழக்கமாக வைத்திருக்கும் இன்பாக்ஸ் என்பது, அன்றாடக் கணக்கை வரிசையாக எழுதிக்கொண்டே போகும் சிட்டை மாதிரி ஒரே ஒரு நீளமான எழுத்துக் கோப்பு. எம்பாக்ஸ் என்று அதற்குப் பெயர். வந்த மெயில்கள் வந்த வரிசையில் ஒன்றின் அடியில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் "ஃப்ரம்" என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரியோடு ஆரம்பிக்கும். பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இன்னொரு சின்னக் கோப்பு இருக்கும். இன்ன ஆள் அனுப்பிய மெயில், இன்ன தேதி, பெரிய கோப்பின் இத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று குறித்து வைத்திருக்கும் பொருளடக்கம் அது. திரையில் நீங்கள் பார்க்கும் பட்டியல் இந்தப் பொருளடக்கம்தான், சிட்டை அல்ல. பொருளடக்கம் கெட்டால் பட்டியலில் பாதி மறையும். அதில் குறித்த பைட் எண் பத்து இருபது தள்ளிப்போனாலும் ஒரு மெயிலைத் திறக்க இன்னொன்றின் நடுப்பகுதி வரும். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறியும் இதோடு அச்சாகப் பொருந்துகின்றன.

கரண்ட் போனதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அது காம்பாக்ட் என்ற வேலையில் இருக்கிறது. நீங்கள் ஒரு மெயிலை அழித்தால் அது சிட்டையிலிருந்து உடனே கிழிக்கப்படுவதில்லை. மெயிலின் தலைப்பகுதியில் "எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்" என்றொரு வரி உண்டு, அதில் நான்கு இலக்க எண் இருக்கும். அழித்ததும் அந்த எண்ணில் 8 சேரும், அவ்வளவுதான். படிக்காமல் அழித்தது 0008, படித்துவிட்டு அழித்தது 0009, படித்து வைத்திருப்பது 0001. இப்படிக் கோடு போட்ட மெயில்கள் சேர்ந்துகொண்டே போனால் இடம் வீணாகும். அப்போது தண்டர்பேர்ட் நல்ல மெயில்களை மட்டும் ஒரு தற்காலிகக் கோப்புக்கு எடுத்தெழுதி, பழைய சிட்டையை எறிந்துவிட்டு, புதியதைப் பழைய பெயரில் வைக்கும். இதுதான் காம்பாக்ட். 6 ஜிபி எடுத்தெழுதும்போது நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இடையில் நின்றால் பழைய கோப்புக்குச் சேதம் வரக்கூடாது என்பதுதான் வடிவமைப்பு. ஆனால் பொருளடக்கம் ஒரு பக்கமும் சிட்டை இன்னொரு பக்கமுமாக நின்றுவிடும் பிழைகள் வெவ்வேறு பதிப்புகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. "என்எஸ்டிஎம்பி" என்ற பெயரில் தற்காலிகக் கோப்புகள் அழியாமல் குவிந்து வட்டையே நிரப்பிய பிழையும் அந்த வகைதான்.

இது உங்கள் கணினியில் நடந்ததா என்பது வேறு விஷயம். கணினியைப் பார்க்காமல் அதை என்னால் அறுதியிட முடியாது. ஆனால் நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். புரொஃபைலுக்குள் "மெயில்", அதற்குள் உங்கள் சர்வர் பெயரில் ஒரு ஃபோல்டர். அங்கே போகும் முன் விண்டோஸின் வியூ மெனுவில் கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்பாக்ஸ் என்றே இரண்டு கோப்புகள் தெரியக்கூடும், பதற்றத்தில் தவறானதை அழித்துவிடுவீர்கள். பின்னொட்டு இல்லாதது சிட்டை, எம்எஸ்எஃப் என்று முடிவது பொருளடக்கம். சிட்டையின் அளவு பழையபடி 6 ஜிபி பக்கம் இருந்தால் மூச்சு விடலாம். அது சில எம்பியாகவோ பூஜ்யமாகவோ குறைந்திருந்தால் அதே ஃபோல்டரில் என்எஸ்டிஎம்பி என்று தொடங்கும் கோப்பு எதுவும் பெரிய அளவில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வைரஸ் தடுப்பானின் தனிமைப்படுத்தல் பட்டியலைத் திறங்கள். எங்கோ ஒரு மெயிலின் இணைப்பில் வைரஸ் இருக்கும். இன்பாக்ஸ் மொத்தமும் ஒரே கோப்பு என்பதால் தடுப்பான் ஒற்றை மெயிலை எடுக்காமல் இன்பாக்ஸையே சுருட்டிக்கொண்டு போய்விடும். கரண்ட் மேல் பழி போடும் பல நேரங்களில் உண்மைக் காரணம் இதுதான்.

சிட்டை முழுசாக இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது ஒன்றே. தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது எம்எஸ்எஃப் கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள், கடைசியில் "பழசு" என்று சேர்த்தால் போதும். பிறகு தண்டர்பேர்டைத் திறந்து இன்பாக்ஸைச் சொடுக்குங்கள். பொருளடக்கம் இல்லாததைப் பார்த்து அது சிட்டையை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் புதிதாக ஒன்றை எழுதும். 6 ஜிபிக்கு நேரமாகும், சாதாரண வட்டு என்றால் இன்னும் கூடுதலாக. கீழே நிலைப்பட்டையில் ஓட்டம் நிற்கும்வரை மூடவே கூடாது. "ரிப்பேர் ஃபோல்டர்" பொத்தான் செய்வதும் இதே வேலைதான். பெயர் மாற்றும் வழியில் பழைய பொருளடக்கம் கையில் தங்குகிறது என்பதால் அதைச் சொல்கிறேன். இப்படிப் புதுப்பித்தால் நெடுவரிசை அமைப்பும் வரிசைப்படுத்திய முறையும் போய்விடும், படித்த சில மெயில்கள் படிக்காததாகக் காட்டலாம். வண்ணக் குறிச்சொற்கள் மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதப்படுவதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

என்எஸ்டிஎம்பி கோப்பில்தான் மெயில்கள் இருக்கின்றன என்று தெரிந்தால், அதன் நகல் ஒன்றை எடுத்துப் பின்னொட்டில்லாத எளிய ஆங்கிலப் பெயர் வைத்து, "மெயில்" ஃபோல்டருக்குள் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்ற இடத்தில் போடுங்கள். தண்டர்பேர்டைத் திறந்தால் அது புதிய ஃபோல்டராக இடப்பக்கம் தெரியும். தவறுதலாக அழித்த மெயிலை மீட்கவும் இதே வழி. அதன்பின் காம்பாக்ட் ஓடியிருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சிட்டையின் நகலைப் பெரிய கோப்புகளைத் திறக்கக்கூடிய எம்எடிட்டர் போன்ற திருத்தியில் திறந்து, அந்த மெயிலின் ஸ்டேட்டஸ் வரியில் 0009 என்பதை 0001 ஆக்குங்கள், 0008 என்றால் 0000. நான்கு இலக்கம் நான்காகவே இருக்க வேண்டும். சேமித்து, மேலே சொன்னபடி லோக்கல் ஃபோல்டர்ஸில் போட்டால் மெயில் எழுந்து வந்துவிடும்.

சர்வரில் இன்னும் மெயில் இருக்கிறதா என்று உலாவி வழியாக நுழைந்து பார்ப்பதும் நல்லது. பாப் கணக்கில் "மெயில்களைச் சர்வரில் விட்டுவை" என்ற அமைப்புக்குக் கீழே "அதிகபட்சம் 14 நாள்" என்பதே இயல்பாக இருக்கும், அதை மாற்றாதவர்களுக்குக் கடைசி இரண்டு வாரம் மட்டும் மிஞ்சும். எதை இழுத்தாயிற்று என்ற கணக்கை "பாப்ஸ்டேட்" என்ற கோப்பு வைத்திருக்கிறது. அதைப் பெயர் மாற்றினால் சர்வரில் இருப்பதெல்லாம் மறுபடி இறங்கும், ஏற்கெனவே இருப்பவை இரட்டிப்பாகும். ஆகவே தனிப் புரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் இறக்கிக்கொள்வதே மேல். ஜிமெயில் என்றால் இது மட்டும் போதாது. ஒருமுறை பாப் வழியாகக் கொடுத்த மெயிலை அது தானாகத் திருப்பிக் கொடுக்காது. ஜிமெயில் அமைப்புகளில் போய், ஏற்கெனவே இறக்கியவை உட்பட எல்லா மெயிலுக்கும் பாப் என்பதை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி "கொப்பரை" கிடைக்காத கதை. இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கலாம். ஒன்று எளிது: மேலே இருக்கும் பெரிய தேடுபெட்டி சிட்டையைப் படிப்பதில்லை, "குளோபல் மெசேஜஸ்" என்று தொடங்கும் எஸ்க்யூலைட் (தரவுத்தள) கோப்பில் தனியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அது கெட்டிருந்தால், மூடியிருக்கும்போது அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் திறந்தால் பின்னணியில் புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதில் மெயில் எதுவும் இல்லை, அழிப்பதில் ஆபத்தில்லை.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது, இதைப் பலர் கவனிப்பதில்லை. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் மூன்று விதமாக எழுத முடியும், திரையில் மூன்றும் ஒன்றுபோலவோ ஏறக்குறைய ஒன்றுபோலவோ தெரியும். ககரத்தின் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, யூனிகோடில் அது 0பிசிஏ. ககரம், பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் தேடல் அவற்றைச் சமமாகப் பார்க்காது. மூன்றாவது, பிடிஎஃப் விலைப்பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அடிக்கடி வருவது: கொம்பு முதலில், ககரம் பின்னால், கால் அதற்கும் பின்னால். கண் பார்க்கும் வரிசை அது, மொழியின் வரிசை அல்ல. உங்கள் துரதிர்ஷ்டம், உங்கள் தொழிலில் புழங்கும் சொற்கள் எல்லாம் இந்தக் குழியில் விழுகின்றன: கொப்பரை, பொள்ளாச்சி, தொகை, ஊர்ப்பெயரான கொழிஞ்சாம்பாறையே கூட.

வழி என்னவென்றால், ஒகர எழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தேடுங்கள். "ப்பரை" என்றும் "ள்ளாச்சி" என்றும். பெரிய தேடுபெட்டியில் இது பலிக்காது, அது சொல் சொல்லாக அட்டவணை போடுவது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் வரும் "சர்ச் மெசேஜஸ்" சாளரத்திலோ, பட்டியலுக்கு மேலுள்ள குயிக் ஃபில்டரிலோ தேடுங்கள். அவை சொல்லின் நடுவிலும் பார்க்கும். குயிக் ஃபில்டரில் "பாடி" என்பதையும் அழுத்திவையுங்கள். உங்களுக்கு மலையாளத்திலும் மெயில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. சிற்றூர் என்ற ஊர்ப்பெயரை மலையாளத்தில் எழுதினால் கடைசி எழுத்து சில்லெழுத்து, அதாவது உயிரொலி இல்லாத மெய்யைக் காட்டும் தனி எழுத்து. 2008-இல் வந்த யூனிகோடு 5.1-இல்தான் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் மெய்யோடு சந்திரக்கலையையும் (நம் புள்ளி போன்ற குறி) கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியையும் சேர்த்து எழுதினார்கள். பழைய விசைப்பலகை வைத்திருப்பவர் அனுப்பும் "சிற்றூர்" வேறு, புதியவர் அனுப்பும் "சிற்றூர்" வேறு. அங்கேயும் கடைசி எழுத்தை விட்டுத் தேடுவதுதான் வழி.

தலைப்பில் வரும் கறுப்பு வைரம் பெரும்பாலும் தண்டர்பேர்டின் குற்றமல்ல, அனுப்பியவரின் மென்பொருள் செய்த வேலை. மெயிலின் தலைப்பு வரியில் ஆங்கிலமல்லாத எழுத்தை நேரடியாக வைக்காமல் குறிமாற்றி அனுப்புவது பழைய மரபு. ஆர்எஃப்சி 2047 என்ற விதி, ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இன்ன குறியீடு, இன்ன முறை என்று அறிவிக்கும் முன்பின் குறிகளுக்கு 12 போனால் 63 மிஞ்சும். பேஸ்64 என்ற குறிமாற்று முறை நான்கு நான்காக நடப்பது, ஆகவே 60, அதாவது 45 பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் என்பதால் சரியாக 15 குறியீடு அடங்கும், எந்த எழுத்தும் உடையாது. நடுவில் ஓர் இடைவெளி வந்தால் கதை மாறிவிடும். இடைவெளிக்கு ஒரே பைட். கணக்கு ஒன்று தள்ளி, 45-ஆவது பைட் ஓர் எழுத்தின் நடுவில் போய் நிற்கும். எழுத்தை நடுவில் வெட்டக் கூடாது என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது, அதைப் பொருட்படுத்தாத பில் மென்பொருள்கள் வெட்டிவிடுகின்றன. பெறுபவர் பக்கம் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிரித்தால் இரண்டு முனையிலும் வைரம் தோன்றும். எப்போதும் ஒரே ஆளிடமிருந்து வரும் மெயிலில் மட்டும் இது வருகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் அவருக்குத்தான் சொல்ல வேண்டும், சுருக்கமான தலைப்பு வைத்தாலே பாதி தீரும். யூனிகோடு பரவும் முன் டிஸ்கியிலோ டாப் முறையிலோ வந்த பழைய மெயில்கள் குப்பையாகத் தெரிவது வேறு. அந்தக் குறியீடுகள் தண்டர்பேர்டுக்குத் தெரியாது. உரையை நகலெடுத்து வெளியே ஓர் எழுத்துரு மாற்றியில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

செய்திக்குழுவுக்கு வருகிறேன். இன்னும் யூஸ்நெட் (இந்தச் செய்திக்குழுக்களின் வலையமைப்பு) படிக்கும் ஒருவர் நம் எல்லைப் பக்கம் இருக்கிறார் என்பதே மகிழ்ச்சி. எந்தக் குழு என்று நீங்கள் எழுதவில்லை, "சோக்.கல்ச்சர்.தமிழ்" போன்ற ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 முதல் யூஸ்நெட்டுக்குப் புதிய பதிவுகளை அனுப்புவதையும் வாங்குவதையும் நிறுத்திவிட்டது. அந்த வழியாக எழுதிவந்தவர்கள் அத்தோடு போனார்கள், குழு உண்மையிலேயே அமைதியாகியிருக்கலாம். அதை முதலில் வேறொரு சர்வரில் பார்த்து உறுதி செய்யுங்கள். எடர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசம், பதிவு செய்தால் போதும்.

குழுவில் பதிவுகள் வந்துகொண்டிருந்தும் உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் காரணம் எண்ணில் இருக்கிறது. செய்திச் சர்வர் ஒவ்வொரு குழுவிலும் பதிவுகளுக்கு வரிசை எண் கொடுக்கும். நீங்கள் 1 முதல் 15,200 வரை படித்துவிட்டீர்கள் என்று தண்டர்பேர்ட் நியூஸ்ஆர்சி கோப்பில் ஒரே வரியாகக் குறித்து வைக்கும். இந்த எண் அந்தச் சர்வருக்கு மட்டுமே உரியது. சர்வரை நடத்துபவர் இயந்திரத்தை மாற்றி எண்ணிக்கையை மறுபடி 1-இலிருந்து தொடங்கினால், புதிதாக வரும் 40-ஆவது பதிவைப் பார்த்து "இது படித்தாயிற்று" என்று தண்டர்பேர்ட் ஒதுக்கிவிடும். 15,200-ஐத் தாண்டும்வரை உங்களுக்கு எதுவும் வராது. குழுச் சந்தாவை நீக்கி, தண்டர்பேர்டை மூடி, "நியூஸ்" ஃபோல்டரில் அந்தச் சர்வரின் நியூஸ்ஆர்சியில் அந்தக் குழுவின் வரியை அழித்துவிட்டு மறுபடி சந்தா சேருங்கள். அப்போது 500 பதிவுக்கு மேல் இருந்தால் எல்லாம் இறக்கவா, சிலதா என்று கேட்கும். "மீதியைப் படித்ததாகக் குறி" என்ற கட்டம் அங்கே இருக்கும், அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழையது காணோம் என்று தேடுபவர்கள் ஏராளம். தண்டர்பேர்ட் 2022-இல் வந்த 102-ஆம் பதிப்பில் செய்திக்குழு நிரலைப் புதிதாக எழுதினார்கள், அதையொட்டிப் புதுப் பிழைகளும் வந்தன. பழைய பதிப்பில் இன்னும் இருந்தால் முதலில் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, விட்டுவிடலாமா என்பது. வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. மேலே சொன்ன வேலைகள் எல்லாம் சாத்தியமானதே சிட்டை திறந்த எழுத்துக் கோப்பு என்பதால்தான். ஒரு திருத்தியும் பொறுமையும் இருந்தால் மெயிலைக் கையாலேயே எடுத்துவிடலாம். மூடிய கோப்பு வடிவத்தில் மெயிலை வைத்திருக்கும் மென்பொருள் கெட்டால் அந்த வசதி கிடையாது. அதேசமயம் தண்டர்பேர்டின் பிழைகளுக்கு நான் சப்பைக்கட்டு கட்டவும் இல்லை. அதன் அடிப்படை 1990-களின் நெட்ஸ்கேப் காலத்து நிரல், அந்த எம்எஸ்எஃப் பொருளடக்கத்தின் மோர்க் என்ற வடிவமும் அப்போது வந்ததே. 2012-இல் இதை உருவாக்கிய மொஸில்லா இதன் புதிய வளர்ச்சியிலிருந்து கை விலக்கிக்கொண்டது, பல வருடம் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் தாங்கிப் பிடித்தார்கள். 2020-இல் தனி நிறுவனமாக ஆன பிறகு நன்கொடையில் நடக்கிறது. பழைய சுவரில் கை வைத்தால் காரை உதிரத்தான் செய்யும், ஆனால் கை வைக்கிறார்கள்.

தொடர்ந்து பயன்படுத்துவதென்றால் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். அமைப்புகளில் "டிஸ்க் ஸ்பேஸ்" பகுதியில், 200 எம்பிக்கு மேல் மிச்சமாகும்போது தானே காம்பாக்ட் செய் என்பது இயல்பாக இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை நகலெடுத்த பின், யுபிஎஸ் வேலை செய்யும்போது நீங்களே செய்யுங்கள். இன்பாக்ஸில் 6 ஜிபி வைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றும் 1 அல்லது 2 ஜிபிக்குள். ஒருமுறையில் ஆயிரக்கணக்கில் நகர்த்தாமல் சில நூறாக நகர்த்துங்கள். வைரஸ் தடுப்பானில் புரொஃபைல் ஃபோல்டருக்கு விலக்குக் கொடுங்கள். இணைப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் அது எப்படியும் சோதிக்கும். "மெயிலுக்கு ஒரு கோப்பு" என்ற மெயில்டிர் முறை கவர்ச்சியாகத் தெரியும், 2015-இலிருந்தே இருக்கிறது. ஆனால் அது இன்னும் முழுமை அடையவில்லை என்பதால் வியாபார மெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதாமாதம் மாறும் பதிப்புக்குப் பதில் இஎஸ்ஆர் என்ற நீண்டகாலப் பதிப்பைப் போடுங்கள்.

பாப்பிலிருந்து ஐமேப்புக்கு மாறுவது எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். மெயில் சர்வரிலும் இருக்கும், கணினி கெட்டாலும் கவலையில்லை. ஜிமெயிலுக்குப் பழைய மெயில்களை ஏற்றுவதானால் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்ற விடுவார்கள், 6 ஜிபிக்குப் பதின்மூன்று நாள் பிடிக்கும். ஆனால் ஐமேப்பை நகல் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், வெளி வட்டு அப்போதும் வேண்டும். "சென்ட் ஃபோல்டருக்கு நகலெடுக்கிறது" என்று சாளரம் தொங்கி நின்றால் மெயில் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். மறுபடி அனுப்பாதீர்கள், வாங்குபவருக்கு இரண்டு விலைப்பட்டியல் போகும்.

பிழை புதியது என்று தோன்றினால் மொஸில்லாவின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் பதியுங்கள், முதலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டு. "மெயில் காணோம்" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, பாப்பா ஐமேப்பா, ஃபோல்டரின் அளவு, எதைச் செய்தபோது நடந்தது, டிரபிள்ஷூட் மோடில் துணைநிரல்கள் இல்லாமலும் நடக்கிறதா என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் மெயிலை இணைக்காதீர்கள். நாலு பொய் மெயில் வைத்த சிறு ஃபோல்டரில் அதே பிழையை வரவழைக்க முடிந்தால், திருத்துபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

உங்களிடமிருந்து இப்போது எனக்கு வேண்டியவை நான்கு: பின்னொட்டில்லாத இன்பாக்ஸ் கோப்பின் அளவு, பக்கத்தில் என்எஸ்டிஎம்பி கோப்பு இருக்கிறதா, தண்டர்பேர்ட் பதிப்பு எண், வைரஸ் தடுப்பானின் தனிமைப்படுத்தல் பட்டியலில் கரண்ட் போன தேதியை ஒட்டி ஏதாவது இருக்கிறதா. இவை வந்தால் அடுத்து எந்தக் கோப்பைத் தொடுவது என்று சொல்கிறேன். அதுவரை, மேலே சொன்ன வேலைகளுக்காக அல்லாமல், அந்தக் கணினியில் தண்டர்பேர்டைத் திறக்க வேண்டாம். அவசர மெயிலை உலாவியில் பார்த்துக்கொள்ளுங்கள்.